இல்ஸம்மாவின் கோப்பைகள் ஏலத்துக்கு வந்த கதை

1

இந்தக் கதை ஒரு பூசணிக்காயிலிருந்து வந்தது. பெரிய பெரிய விஷயங்களிலிருந்து தங்களுக்குக் கதை வருவதாகச் சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகையில் அந்தப் பூசணிக்காயை வீம்புக்கு ஏலம் கேட்டு எடுத்தேன். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கோயில் படியிறங்கினேன். விழுந்தேன். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கால் முறிந்தது.

காரக்கோணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள். கையில் போன் மட்டும் இருந்தது. எதையோ தேடப்போய், நாஜிகள் வருவதற்கு முன்னால் ஜெர்மனியில் யூதர்கள் நடத்திய கடைகளின் படங்களுக்குள் போய் விழுந்தேன். (அந்த வாரம் நான் விழுகிற வாரம்.) தொப்பிக்கடை, ஜவுளிக்கடை, செருப்புக்கடை. வாசலில் நின்று சிரிக்கும் முதலாளி. அடுத்த படத்தில் அதே வாசல், உடைந்த கண்ணாடி. அதற்கும் அடுத்ததில் அதே வாசல், புதுக் கண்ணாடி, வேறொருவர் பெயர்ப்பலகை. கடைசியாக ஒரு படம்: தெருவில் நாற்காலி, மெத்தை, பாத்திரம் எல்லாம் பரப்பிக் கிடக்கிறது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டுச் சாமான் ஏலம். சுற்றி அக்கம்பக்கத்து ஆட்கள் கழுத்தை நீட்டி நிற்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள்.

அந்த முகங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகு தெரிந்தது. பூசணிக்காய் ஏலத்தில் பார்த்தேன்.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? கால் வலிக்கா?” என்றாள் என் மனைவி ஜெயபாய். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“கதை வருது.”

“எனக்க கர்த்தாவே,” என்றாள். “கால் ஒடிஞ்சது போதாதாக்கும்.”

2

முதல் வரி மூன்று எழுதினேன்.

‘1938 நவம்பர் மாதம், ஜெர்மனியின் ஒரு சிறு நகரத்தில் பனி…’ அடித்துவிட்டேன். நான் பனியைப் பார்த்தவன் இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் தெரிகிற வெள்ளையை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை எழுத முடியாது.

‘நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, மலையாளத்தோடு இருக்க வேண்டுமா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம் அது…’ இது பரவாயில்லை. ஆனால் எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

‘ஆரியர் அல்லாதவள் என்று ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட இல்ஸே கடைசியில் வந்து குடியேறிய இடம் ஆரியங்கோடு.’ (ஆரியங்கோடு எங்கள் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிற ஊர்.) இதை எழுதிவிட்டு எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். ஜெயபாய் வாசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள்.

“இது கொள்ளாது. அந்தப் பெண்ணு அப்பனையும் அம்மையையும் விட்டுட்டு வந்திருக்கா. ஒங்களுக்கு வெளையாட்டா?”

அடித்தேன். ஆகவே இல்ஸே குடியிருப்பது பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் ஒரு சந்திப்பில். அந்தச் சந்திப்புக்குப் பெயர் வைக்க மாட்டேன். வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள், எனக்கு மிச்சமிருப்பது ஒரு கால்தான்.

3

இல்ஸே. ஊர் வாயில் இல்ஸம்மா. நாற்பதைத் தொட்ட வயது, சந்திப்பில் லேஸும் நூலும் பொத்தானும் விற்கிற சின்னக் கடை.

ஒரு ஜெர்மன் யூதப் பெண் இந்த மூலைக்கு எப்படி வந்தாள் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து மிஷன் சபைகளில் பெண்கள் லேஸ் பின்னுவார்கள், அது கப்பலேறிப் போகும். அந்த லேஸை வாங்கி விற்ற ஒருவர் இல்ஸேயின் அப்பா என்று வைத்துக்கொண்டேன். ஓட வேண்டிய நேரம் வந்தபோது அவளைக் கூப்பிட்டுக்கொள்ள முன்வந்த ஒரே வெளிநாட்டு முகவரி லேஸ் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு மிஷன் அம்மாளுடையது. [நம்பும்படி இருக்கிறதா? ஷாங்காய் வரை ஓடிப் பிழைத்தவர்கள் உண்டு. எங்கள் காரோடு பக்கம் என்ன கெட்டுப்போயிற்று?]

வந்து இறங்கிய சில மாதங்களில் உலக யுத்தம் தொடங்கியது. ஜெர்மன்காரி ஆயிற்றே என்று இங்கே போலீஸ் அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. அங்கே நீ ஜெர்மன்காரியே இல்லை என்றார்கள், இங்கே நீதான் ஜெர்மன்காரி என்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் தமிழ் படித்தது லேஸ் பின்னும் பெண்களிடம். அதுவும் அவர்கள் சண்டை போடும்போது பேசிய தமிழ். ஆகவே பொத்தான் வாங்க வருகிறவர்களிடம்கூட “என்னலே வேணும், சட்டுனு சொல்லு” என்றுதான் கேட்பாள். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அவள் அப்பாவின் கடை ஊர்ச் சதுக்கத்தில் இருந்தது. படுக்கைவிரிப்பு, மேசைவிரிப்பு, கல்யாணப் பெண்ணுக்குச் சீராகப் போகும் துணிகள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. 1933இல் ஒரு சனிக்கிழமை, ‘யூதனிடம் வாங்காதே’ என்ற பலகையோடு இரண்டு பேர் அந்த வாசலில் வந்து நின்றார்கள். அதில் ஒருவனுடைய கல்யாணத்துக்கு மேசைவிரிப்பு கொடுத்ததே அவள் அப்பாதான். அதன் பிறகு பழைய வாடிக்கைக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். பிறகு பின்வாசலும் ஓய்ந்தது. 1938 நவம்பரில் கண்ணாடியை உடைத்துத் துணியைத் தெருவில் வீசினார்கள். அதற்கடுத்த மாதம், கடையில் துணி அளந்துகொண்டிருந்த ஆளே கடைக்கு முதலாளி ஆனான். எல்லாம் சட்டப்படி. விலை என்று ஒன்றைச் சொன்னார்கள், அதை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இல்ஸே கிளம்பினாள். அப்பாவும் அம்மாவும் பின்னால் வருவதாக ஏற்பாடு. வரவில்லை. 1942இல் அவர்களைக் கிழக்கே போகும் ரயிலில் ஏற்றினார்கள், கொன்றுவிட்டார்கள்.

இங்கே ஒரு அழகான வாக்கியம் எழுதத் தொடங்கி…

இல்லை, வேண்டாம். வீட்டுக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் அவளே சொல்வாள்.

4

இனி கல். கதைக்கு ஒரு கல் வேண்டும்.

1954. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டம் முற்றிப்போயிருந்தது. அந்த ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அதை வைத்து நான் சிரிப்பு காட்டப்போவதில்லை. ஆனால் எங்கள் சந்திப்பு எல்லைக்கும் எல்லையில் கிடந்தது. இங்கே அண்ணன் தமிழ் ஜாதாவிலும் (ஊர்வலத்துக்கு இங்கே அதுதான் பெயர்) தம்பி மலையாள ஜாதாவிலும் கோஷம் போட்டுவிட்டு, மத்தியானம் ஒரே வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றார்கள். அதில் சிரிக்காமல் இருக்க என்னால் முடியாது.

கடையடைப்பு நாளில் இரண்டு ஜாதாக்களும் சந்திப்பில் எதிரெதிரே வந்து நின்றன. எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. இல்ஸம்மாவின் கடையில் முன்பக்கக் கண்ணாடி சில்லுசில்லாகப் போயிற்று. அந்தச் சாலையில் கண்ணாடி போட்ட கடை அது ஒன்றுதான். அப்பா கடையைப் போல இருக்க வேண்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்துப் போட்டிருந்தாள்.

கல்லை எறிந்தது யார்? இதை நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் கதாபாத்திரங்கள் இரண்டு பேர் என் கட்டிலருகே வந்துவிட்டார்கள். ஒருவர் ஞானையன். தமிழ் ஜாதாவின் தலைவர், எங்கள் சபையில் ஏலம் விளிக்கிறவரும் அவரே. தொண்டை அப்படி.

“மக்கா, ஒண்ணு சொல்லுதேன் கேளு,” என்றார். “கல்லு அவனுவ பக்கத்துல இருந்தாக்கும் வந்தது. அப்பிடியே எழுதிப்போடு.”

இன்னொருவர் சதாசிவன். மலையாள ஜாதாவின் தலைவர், சந்திப்பில் பலசரக்குக் கடைக்காரர். அவர் வீட்டில் பேசுவது தமிழ், மேடையில் மலையாளம். என் கட்டிலை மேடை என்று நினைத்துக்கொண்டார்.

“சாரே, ஞான் கண்டதா. கல்லு வந்நது ஞானையன்றெ ஜாதையில் நின்னா.” ஞானையனின் ஜாதாவிலிருந்துதான் கல் வந்தது, கண்ணால் கண்டேன் என்கிறார்.

“எலே சதாசிவா, பொய் பறையாத.”

“நீ பறையாதே!”

நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். நான் தனியாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். இரண்டு ஜாதாவுக்கும் நடுவில் ஒரு பசுமாடு நின்றது, கல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.*

* அடிக்குறிப்பு: “எழுதுத ஆளுக்கே ஆரு எறிஞ்சதுன்னு அறியாதா?” என்று ஜெயபாய் கேட்டாள். அறியாது. எறிந்தவனின் வீட்டுக்காரிகூட இன்றுவரை அறிய மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இல்ஸம்மா விளக்குமாறு எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினாள். கூட உதவிக்கு ரத்னபாய். ரத்னபாய் அந்தக் கடைக்கு லேஸ் பின்னிக் கொடுக்கிறவள், கடைச்சாவி அவளிடமும் ஒன்று உண்டு, இல்ஸம்மாவுக்குச் சண்டைத் தமிழ் படிப்பித்ததில் பெரும்பங்கு அவளுக்கே.

“இது அங்க மாதிரி இல்ல கேட்டியா அம்மா,” என்றாள் ரத்னபாய். “ஏதோ வழிதப்பி வந்த கல்லு.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் இல்ஸம்மா. “இஞ்ச எறிஞ்சவன் ஓடிட்டான். அங்க எறிஞ்சவன் ஓடல்ல. நின்னு பாத்தான். போலீசும் அவனுக்க கூட நின்னு பாத்துது.”

“அப்ப பின்ன என்ன?”

“அங்கயும் மொதல்ல எறிஞ்சவன் ஓடத்தான் செய்தான், ரத்னம். நிக்கதுக்குக் கொஞ்ச காலம் ஆச்சு.”

அடுத்த நாள் பெட்டி கட்டத் தொடங்கினாள். பம்பாயில் தூரத்து உறவில் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நான் இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது, உண்மையிலேயே. பதினைந்து வருஷமாக அவள் காலூன்றி நின்ற இடம் இது ஒன்றுதான். இதையும் விட்டால் அவளுக்கு வேறு ஊர் கிடையாது.

5

ரத்னபாய்க்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனசுக்காரர்களுக்கு வருகிற யோசனையைப் போல ஆபத்தானது வேறில்லை, ஆனால் அதை அவளிடம் சொல்ல நான் யார்.

அவள் யோசனை புரிய வேண்டுமானால் எங்கள் சபை ஏலத்தின் வழக்கம் தெரிய வேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைக்குலை, சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாப்பழம், கோழி, முட்டை. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஜாதி மதம் பாராமல் ஊரே வந்து நிற்கும். ஏலத்தில் எடுத்தவர் “சபைக்கே!” என்று சொல்லிச் சாமானைத் திருப்பி வைத்தால் அது மறுபடி ஏலத்துக்கு வரும். அப்படி ஒரு முட்டை பத்துப் பேர் கை மாறி, பத்துப் பேரும் காசு கொடுத்து, கடைசியில் கொண்டுவந்து வைத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போவதுண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் எங்களுக்குப் பைத்தியம் என்பார்கள். எங்கள் கோயிலின் ஓடும் சுவரும் பாதி அப்படி வந்ததுதான்.

கடை மேசையில் இல்ஸம்மா ஒரு துணியில் பொதிந்து வைத்திருந்த ஆறு காப்பிக் கோப்பைகளை ரத்னபாய் பார்த்தாள். விளிம்பில் நீலக்கோடு போட்ட வெள்ளைக் கோப்பைகள். அவற்றைக் கொண்டுபோய் ஏலத்துக்கு வைத்தால் தமிழ்க்காரர்களும் மலையாளக்காரர்களும் ஒருவரை ஒருவர் முந்தி வீம்புக்குக் கேட்பார்கள். எடுத்தவன் எப்படியும் திருப்பித் தருவான். பணத்துக்குப் புதுக் கண்ணாடி வாங்கலாம். கோப்பையும் பத்திரமாகத் திரும்பி வரும். கண்ணாடி வந்துவிட்டால் இல்ஸம்மா போக மாட்டாள்.

“போற சாமான் ஒண்ணும் இல்ல,” என்று ஞானையனிடம் சொன்னாள். “எல்லாம் திரும்பி வாறதுதானே?”

“கொள்ளாம்,” என்றார் ஞானையன். “நல்ல புத்தியாக்கும்.”

இல்ஸம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் செய்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்கள். இப்படி ஒரு தப்பைச் செய்ய எங்கள் ஊரால்தான் முடியும், நான் பெருமையாகச் சொல்லவில்லை.

6

அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கோயில் முற்றத்து மாமரத்தடியில் மேசை. மேசையில் ஒரு சக்கை, கட்டிப்போட்ட கோழி, அதன் பக்கத்தில் ஆறு கோப்பைகள்.

ஞானையன் ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினார். “சத்தம் கேட்டியளா? ஜெர்மன் சாமானாக்கும்! ஆரு கேக்கிய?”

“அஞ்சு ரூவா!” என்றார் சதாசிவன். அவர் கோயிலுக்கு வருகிற ஆள் இல்லை, ஏலத்துக்குத் தவறாமல் வருவார்.

“தமிழனுக்கு மானம் உண்டுலே! பத்து!” என்றது ஒரு குரல். அது ஞானையனின் குரல்தான். விளிக்கிறவர் கேட்கக் கூடாது என்று கூட்டம் சத்தம் போட்டது. கேட்டது நானல்ல, எனக்குள் இருக்கிற தமிழன் என்றார் அவர். ஒரே சிரிப்பு. ஒருத்தி கோப்பையைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். இன்னொருத்தி வெயிலில் தூக்கிப் பிடித்து, கீறல் உண்டா என்று பார்த்தாள்.

அப்போது கோப்பைகளைத் தேடிக்கொண்டு இல்ஸம்மா வாசலில் வந்து நின்றாள்.

[இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். அவளை மயங்கி விழவைத்துப் பார்த்தேன், அழவைத்துப் பார்த்தேன். இரண்டும் செய்ய மாட்டேன் என்றாள். ரத்னபாயிடம் தமிழ் படித்தவள் மயங்கி விழுவாளா?]

நேராக மேசைக்கு வந்தாள்.

“மாறி நில்லுலே,” என்றாள்.

ஞானையன் மாறி நின்றார்.

“அம்மா, நீ பதறாத, எல்லாம் திரும்பி வரும்,” என்று ரத்னபாய் ஓடி வந்தாள். “கண்ணாடிக்காக்கும். எடுக்கவன் திருப்பித் தருவான், இஞ்ச வழக்கம் அதாக்கும்.”

இல்ஸம்மா அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எங்க வீட்டுலயும் இப்பிடித்தான் வந்து நின்னாவ. நாங்க நாட்ட விட்டுப் போறோம், சாமான விக்கோம்னு தெரிஞ்ச ஒடனே வந்தாவ. எல்லாம் அடுத்த வீட்டு ஆளுவ. எனக்க அம்ம வந்தவியளுக்குக் காப்பி ஊத்திக் குடுத்தா. குடிச்சாவ. குடிச்சிட்டுக் கோப்பையக் கவுத்துப் பாத்துட்டு வெல சொன்னாவ. பன்னெண்டு கோப்பை. ஆறு ஒடஞ்சு போச்சுன்னு அம்ம பொய் சொன்னா. அந்த ஆறாக்கும் இது.”

கவிழ்த்துப் பார்த்தவள் கோப்பையை நிமிர்த்தி வைத்தாள்.

“அம்மயும் அப்பாவும் செத்த பெறவு மிச்சம் இருந்த கட்டில், மெத்தை, திரைச்சீலை, எல்லாத்தையும் சர்க்காரு ஏலம் போட்டுது. யுத்தம் முடிஞ்ச பெறவு கடுதாசி வந்தாக்கும் தெரிஞ்சுது. அதே ஆளுவதான் எடுத்தாவ. கெட்ட ஆளுவ ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவிய.”

“நாங்க திருப்பித் தருவோம் அம்மா,” என்றார் சதாசிவன். மேடை மலையாளம் போன இடம் தெரியவில்லை.

“அவியளும் சொன்னாவ. பத்திரமா வச்சிருக்கோம், வந்தா தருவோம்னு.” அவள் ஒரு கோப்பையை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். “சரி. ஏலம் வச்சாச்சில்லியா? வையுங்க. நானும் கேக்கேன். ஒரு அணா. அங்க கேக்க எங்க ஆளு ஆரும் இல்ல. இஞ்ச கேக்கேன். ஆராவது ஒருத்தர் எனக்கு மேல கேட்டா, நான் இண்ணைக்கு சாயங்கால பஸ்ஸுல போறேன். ஆரும் கேக்கல்லன்னா இஞ்சயே கெடக்கேன். நல்ல எண்ணத்துல கேட்டாலும் செரி, கெட்ட எண்ணத்துல கேட்டாலும் செரி, எனக்கு ஒண்ணுதான்.”

7

முதல் கோப்பை.

“பத்து ரூபாய் கேட்டது செல்லாது,” என்றார் ஞானையன்.

“செல்லாது,” என்றார் சதாசிவன். அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அது கூச்சமாக இருந்தது.

“ஒரு அணா ஒருதரம். ஒரு அணா ரெண்டுதரம்.” இவ்வளவு மெதுவாக ஞானையன் விளித்து அந்த முற்றம் கேட்டதில்லை. “மூணுதரம்.”

இரண்டாவது கோப்பைக்கு ஒருவன் இருமினான். பக்கத்தில் நின்ற நான்கு பேர் அவன் வாயைப் பொத்தினார்கள். மூன்றாவது கோப்பைக்குக் கட்டிப்போட்ட கோழி கொக்கரித்தது. கோழி கேட்டது ஏலத்தில் சேருமா என்று ஞானையன் சதாசிவனைப் பார்த்தார். சேராது என்று அவர் தலையாட்டினார். நான்காவது கோப்பைக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு சம்பந்தி, விவரம் தெரியாமல், “இவ்வளவு நல்ல சாமானுக்கு ஒரு அணாவா, நான்…” என்று தொடங்கினார். அவரை முற்றத்திலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சாலையில் வைத்தார்கள். தூக்கியவர்களில் பாதிப்பேர் தமிழ் ஜாதா, பாதிப்பேர் மலையாள ஜாதா. ஐந்தாவது கோப்பைக்கு மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ரத்னபாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஐந்து கோப்பைகள் இல்ஸம்மாவின் பக்கம் வந்துவிட்டன. புதுக் கண்ணாடிக்குச் சேர்ந்த பணம் ஐந்து அணா.

8

இங்கேயே நிறுத்தி, முடிவை எழுதி, அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். மூன்று முடிவு வைத்திருந்தேன்.

(அ) ஆறாவதையும் ஒரு அணாவுக்கு எடுக்கிறாள், இருந்துவிடுகிறாள். இரண்டு வருஷம் கழித்து எல்லை பிரிகிறது. தெற்கே நான்கு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போகிறது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிற்கிறது. ஞானையன் இல்ஸம்மாவின் கடையில் உட்கார்ந்து அழுகிறார். அவள் காப்பி ஊற்றிக் கொடுத்து, ‘எலே, நாடு போனா போவுது, நீ இருக்கியல்லா’ என்கிறாள்.

“சினிமா,” என்றாள் ஜெயபாய்.

(ஆ) யாரோ கேட்டுவிடுகிறார்கள். சாயங்கால பஸ். ரத்னபாய் பின்னாலேயே ஓடுகிறாள். தூசி.

“அழுதுட்டுப் படிக்க எனக்கு வேற வேல இல்லியாக்கும்?”

(இ) ஆறாவது கோப்பையை இல்ஸம்மா தானே தூக்கி, கண்கலங்கி, ‘சபைக்கே’ என்று… இதைப் பாதியில் நானே கிழித்தேன். இப்படி முடித்தால் பாராட்டுவார்கள் என்று தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது.

ஜெயபாய் காகிதங்களை அடுக்கி என் வயிற்றின்மேல் வைத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா? அஞ்சு கோப்பைக்கும் ஒருத்தன்கூடவா வாய் தொறக்கல்ல?”

“தொறக்கல்ல.”

“நம்ம ஊருல?”

“ஆமா.”

“ஒரு பூசணிக்காய்க்கு அடுத்தவன விடமாட்டேன்னு மேல மேல கேட்டு, காலையும் ஒடிச்சிட்டுக் கெடக்கிய. நீங்க அங்க நின்னிருந்தா?”

நான் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டேன்.

“அந்த ஜெர்மன் ஊரு ஆளுவளயும் எவனாவது கதையா எழுதியிருந்தா, நல்லவியன்னுதான் எழுதியிருப்பான்,” என்றாள். “நம்ம ஆளுவ வாயப் பொத்திட்டு நின்னது நீங்க எழுதினதுனாலயாக்கும். அவியளுக்க குணத்துனால இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. காலை ஆட்ட முடியாதவன் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரவு முழுக்க யோசித்தேன். அவள் சொன்னது சரி. அந்தச் சம்பந்தியைத் தூக்கிச் சாலையில் வைத்தது நான்தான். இருமியவன் வாயைப் பொத்தியதும் நான்தான். என் ஊரை நான் காப்பாற்றிவிட்டேன், எழுதுகிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

9

ஆகவே ஆறாவது கோப்பையை நான் விளிக்கப்போவதில்லை. அது மேசையில் இருக்கிறது.

ஞானையன், சதாசிவன், ரத்னபாய், அந்தக் கோழி, எல்லோரும் என் ஆட்கள். இரு என்றால் இருப்பார்கள், மூடு என்றால் மூடுவார்கள். இந்த முற்றத்தில் நான் உண்டாக்காத ஆள் ஒருவர் உண்டு. முதல் பக்கத்திலிருந்து கூடவே வந்து, இப்போது மாமரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். உங்கள் வாய் என் கையில் இல்லை. உங்களுக்கு என்ன குணம் என்பது எனக்குத் தெரியாது, அதை உங்களிடம் கேட்கிற துணிச்சலும் எனக்கு இல்லை.

வெயிலில் பார்க்கிறீர்கள். நல்ல கோப்பை. கீறல் கிடையாது. சட்டைப் பையில் பணம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்பீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், எல்லாம் சரி.

இல்ஸம்மா ஒரு அணா சொல்லிவிட்டாள். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறது. ரத்னபாய் உங்கள் முகத்தையே பார்க்கிறாள். ஞானையன் ஒருதரம் சொன்னார், ரெண்டுதரம் சொன்னார். பிறகு மெல்ல உங்கள் பக்கம் திரும்பினார்.

“வேற ஆராவது உண்டா?”